பேஸ் கிட்டாருக்குப் பழைய பெட்டி: பதினைந்தா, நான்கு பத்தா?

2023 ஜூன் 18, காலை (வாசகர் கேள்வி)

எங்கள் மெல்லிசைக் குழுவில் ஐந்து பேர் இருக்கிறோம். வளசரவாக்கத்தில் ஒரு வீட்டின் மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் ஒத்திகை பார்க்கிறோம். அறை 14 அடி நீளம், 10 அடி அகலம். இதுவரை பேஸ் கிட்டாரைக் கீபோர்டு ஆம்பில் செருகி வாசித்து வந்தேன். டிரம்ஸ் தொடங்கியதும் நான் வாசிப்பது எனக்கே கேட்பதில்லை. உறவினர் ஒருவர் 4 ஓம் மின்தடையில் 300 வாட் தரும் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) ஒன்றைக் கொடுத்திருக்கிறார். ஸ்பீக்கர் பெட்டிதான் இல்லை, கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. பழைய பெட்டிகள் மூன்று விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்றில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, இன்னொன்றில் 10 அங்குலம் நான்கு, மூன்றாவது கார் சப்வூஃபரை வைத்துத் தச்சரிடம் செய்து வாங்கியது. பேஸ் என்றால் பதினைந்துதான், பத்தெல்லாம் கிட்டாருக்கு என்று எங்கள் டிரம்மர் அண்ணன் உறுதியாகச் சொல்கிறார். அது சரியா?

2023 ஜூன் 18, இரவு (பதில்)

சரியில்லை. ஆனால் அவர் அப்படி நினைப்பதற்குக் காரணம் உண்டு. நானும் பத்தாண்டுக்கு மேல் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான்கு தந்தி பேஸின் தடித்த ஈ தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ். அடுத்த ஏ தந்தி 55. இவ்வளவு கீழே போக ஸ்பீக்கரில் அகலமான கூம்பு வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. பெட்டி எவ்வளவு கீழே போகும் என்பதைக் கூம்பின் அகலம் மட்டும் முடிவு செய்வதில்லை. பெட்டியின் கொள்ளளவு, காற்றுத் துளை எந்த அலைவெண்ணுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது, ஸ்பீக்கரின் காந்தமும் கூம்பைத் தாங்கும் தொங்கலும் எப்படிப்பட்டவை என்பதெல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆம்பெக் நிறுவனத்தின் எட்டுப் பத்துப் பெட்டி 1969 முதல் உலக மேடைகளில் நின்றுகொண்டிருக்கிறது. அதில் 10 அங்குலத்தைத் தவிர வேறு ஸ்பீக்கர் கிடையாது. காற்றுத் துளையும் கிடையாது. அந்நிறுவனமே தரும் கணக்கின்படி 58 ஹெர்ட்ஸிலேயே அதன் ஒலி 3 டெசிபெல் இறங்கிவிடுகிறது, 40இல் 10 டெசிபெல் இறங்கிவிடுகிறது. அதாவது திறந்த ஈ தந்தியின் அடிச் சுரத்தை அது பெரும்பாலும் விழுங்கிவிடுகிறது. இருந்தும் அதில் ஈ வாசித்தால் ஈ என்றுதான் கேட்கிறது. 82, 124 என்று மேலே அடுக்கும் துணைச்சுரங்களைக் கொண்டு அடியைக் காது தானே நிரப்பிக்கொள்கிறது.

ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப் 1952இல் ஒற்றைப் பதினைந்தோடுதான் வந்தது. சில ஆண்டுகளிலேயே நான்கு பத்துக்கு மாறியது. ஆகவே இது எழுபது ஆண்டுப் பழைய வாதம்.

மூன்றில் நான்கு பத்தைப் பாருங்கள் என்பதே என் கருத்து. பதினைந்து, தனியாக வாசித்தால் நிறைவாக இருக்கும். குழுவோடு வாசிக்கும்போது சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சேறாகிவிடும். கார் சப்வூஃபரைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

2023 ஜூன் 19

நேற்று கேட்க மறந்துவிட்டேன். நான்கு பத்துப் பெட்டி 8 ஓமா, 4 ஓமா? உங்கள் ஹெட் தாங்கக்கூடிய குறைந்தபட்சம் 4 ஓம் என்றால், 8 ஓம் பெட்டி வாங்குவது நல்லது. பிற்பாடு இன்னொரு 8 ஓம் பெட்டி கிடைத்தால் இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும். முதலிலேயே 4 ஓம் பெட்டி வாங்கிவிட்டால் அதோடு வேறு எதையும் சேர்க்க இயலாது.

8 ஓமில் உங்கள் ஹெட் 300 வாட் தராது. ஏறக்குறைய பாதியோ அதற்குச் சற்று மேலோ தரும். வாட் பாதியானால் ஒலி பாதியாகிவிடுவதில்லை, 3 டெசிபெல் குறையும். காதுக்கு அது தெரியும். ஒத்திகையைக் கெடுக்கும் அளவு இருக்காது.

2023 ஜூன் 21

கார் சப்வூஃபர். இதை வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொல்ல விரும்புகிறேன். நம் ஊரில் குறைந்த விலைக்கு அதிகம் கிடைப்பது இதுதான். பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து இளைஞர்கள் ஏமாறுவதும் இதில்தான். அந்த எண் பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. என்ற கணக்கில் சொன்னதாக இருக்கும். ஒரு கண நேர உச்சத்தைப் பிடித்து, பல மடங்கு ஊதிச் சொல்லும் கணக்கு அது. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

வாட்டைவிட நீங்கள் பார்க்க வேண்டியது உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபெல் வருகிறது என்பதே அது. கார் சப்வூஃபர்களில் இது 85 முதல் 88 வரை இருப்பது வழக்கம். பேஸ் கிட்டாருக்கென்று செய்த பெட்டிகளில் 97, 98, அதற்கும் மேல். 88க்கும் 98க்கும் இடையே உள்ளது பத்து எண்தானே என்று நினைக்க வேண்டாம். பத்து டெசிபெல்லை ஈடுகட்டப் பத்து மடங்கு வாட் வேண்டும். உங்கள் 300 வாட் ஹெட்டை அந்தச் சப்வூஃபரில் செருகினால், நல்ல பெட்டி ஒன்றில் 30 வாட் ஆம்ப் தரும் ஒலிதான் வரும்.

அது மோசமான பொருள் என்று சொல்லவில்லை. காரின் உட்புறம் சிறிய அடைபட்ட இடம் என்பதால் அடிச்சுரங்கள் அங்கே தாமாகவே தூக்கிக் கொடுக்கப்படும். அந்த இடத்துக்கென்று செய்த ஸ்பீக்கரை டிரம்ஸ் எதிரே கொண்டுவந்து வைப்பதுதான் பிழை. சிறிய பெட்டி, ஆழ்ந்த அடிச்சுரம், குறைந்த வாட்டில் நிறைந்த ஒலி, இம்மூன்றில் இரண்டைத்தான் ஒருசேரப் பெறலாம் என்பது ஸ்பீக்கர் செய்வோர் அறிந்த விதி, கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மனின் பெயரால் அதைச் சொல்வார்கள். கார் சப்வூஃபர் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டது. நமக்கு வேண்டியது மூன்றாவது.

2023 ஜூன் 25

ஞாயிறன்று பெட்டிகளைப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். என் அனுபவத்தை முழுவதுமாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

2011இல் தொழிலை விட்டுக்கொண்டிருந்த சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருவரிடம் நான்கு பத்துப் பெட்டி ஒன்றை வாங்கினேன். வாங்கும் முன் மல்டிமீட்டரைச் செருகிப் பார்த்தேன். 9 ஓம் காட்டியது. “எட்டு ஓம் பெட்டிக்கு ஒன்பது காட்டுகிறது, சரிதானே தம்பி” என்றார் அவர். சரிதான் என்று நானும் பணத்தைக் கொடுத்தேன். இன்று நினைத்தாலும் மனம் பொறுக்கவில்லை, ஏனென்றால் உண்மையை மீட்டர் அப்போதே சொல்லிவிட்டது. 8 ஓம் என்பது மாறுமின்னோட்டத்துக்கான பெயரளவு எண். மல்டிமீட்டர் அளப்பது, ஸ்பீக்கருக்குள் இருக்கும் ‘காயில்’ (coil) என்ற கம்பிச்சுருளின் நேர்மின் தடையை மட்டுமே. அது எப்போதும் பெயரளவைவிடக் குறைவாக, 8 ஓமுக்கு 6ஐ ஒட்டியே இருக்கும். என் பெட்டியில் இரண்டிரண்டு ஸ்பீக்கர்கள் பக்க இணைப்பாகவும், அந்த இரண்டு சோடிகளும் தொடர் இணைப்பாகவும் இருந்தன. எல்லாம் உயிரோடு இருந்தால் 3உம் 3உம் சேர்ந்து 6 வர வேண்டும். ஒரு ஸ்பீக்கரின் காயில் அறுந்திருந்ததால் அந்தச் சோடி 6 ஆகி, மொத்தம் 9 ஆயிற்று. பெட்டிக்குள் வேறு விதமாக இணைத்திருந்தால் 12 காட்டியிருக்கும். அப்போதாவது சந்தேகம் வந்திருக்கும். ஆகவே 8 என்று எழுதிய பெட்டி 8க்கு மேல் காட்டினால், நெருங்கி வந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்.

இரண்டாவது சோதனைக்குப் பென்சில் செல் ஒன்று போதும். பெட்டியில் செருகிய கேபிளின் மறுமுனையில் செல்லைத் தொட்டு எடுங்கள். கூம்பு அசைவது கண்ணுக்குத் தெரியும். நான்கும் ஒரே திசையில் அசைய வேண்டும். மூன்று வெளியே வந்து ஒன்று உள்ளே போனால், யாரோ பழுது பார்த்தபோது கம்பியை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒலியைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்துக்கொண்டிருக்கும். அதைக் கேடாக நினைக்க வேண்டாம். விலையைக் குறைத்து வாங்கி, வீட்டுக்கு வந்து இரண்டு கம்பிகளை மாற்றினால் பெட்டி புதிதாகிவிடும்.

மூன்றாவது, கை. கூம்பின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக உள்ளே தள்ளிக் காதைக் கொடுங்கள். மணல் உரசுவது போன்ற ஒலி கேட்டால் காயில் காந்த இடுக்கில் உரசுகிறது. துளையில்லாத மூடிய பெட்டியாக இருந்தால், தள்ளிய கூம்பு சற்றே தயங்கித் திரும்ப வேண்டும். உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ காற்று கசிகிறது. துளையுள்ள பெட்டியில் இந்தச் சோதனை பயன்படாது. அதற்குப் பதில் துளையில் மூக்கை வையுங்கள். கருகிய வார்னிஷ் வாடை வந்தால் காயில் ஒருமுறையாவது வெந்திருக்கிறது.

நான்காவது, மரம். சென்னைக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பிளைவுட் பெட்டி ஈரத்தைத் தாங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை நீர்பட்டால் பிஸ்கட் போல ஊதிவிடும். ஒருமுறை ஊதியது வற்றாது. கார்ப்பெட் ஒட்டிய பெட்டியில் இது வெளியே தெரியாது. பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பாகத்து மூலைகளைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுந்தினால் வேண்டாம். துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கரப்பான் முட்டையும் கரையான் மண்ணும் தெரிந்துவிடும். கூம்பின் ஓரம் மடிப்பு மடிப்பான துணியாக இருந்தால் கவலையில்லை. ஸ்பாஞ்சாக இருந்தால் நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பொடிந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக உங்கள் பேஸையும் ஹெட்டையும் எடுத்துப்போய், ஈ தந்தியில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக, ஒவ்வொரு சுரத்தையும் மூன்று நொடி நிற்கவிட்டு, மேலே ஏறுங்கள். கைப்பிடி, வலை, மூலைத் தகடு என்று தளர்ந்த பொருள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு சுரத்தில் பதில் சொல்லும். வேகமாக வாசித்தால் அது காதில் விழாது. விற்பவர் முன்னால் நன்றாக வாசித்துக் காட்ட வேண்டும் என்ற ஆசை வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

2023 ஜூன் 26

ஒரு திருத்தம். கோவையிலிருந்து ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார், நன்றி. பெட்டியில் டுவீட்டர் (உச்ச ஒலிகளுக்கான சிறிய ஸ்பீக்கர்) இருந்தால் நான் சொன்ன மீட்டர் சோதனை அதைப் பற்றி எதையும் சொல்லாது. அதன் வழியில் இருக்கும் கெப்பாசிட்டர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். செல் சோதனையும் அப்படியே. டுவீட்டரைக் காதால்தான் சோதிக்க வேண்டும். செத்துப்போயிருந்தாலும் ஒத்திகைக்குப் பெரிய இழப்பில்லை. விலை பேச மட்டும் பயன்படுத்துங்கள்.

2023 ஜூலை 2

பார்த்துவிட்டு வந்து எழுதியதைப் படித்தேன். நான்கு பத்தில் நான்கும் உயிரோடு இருக்கின்றன, மீட்டர் 6.2 காட்டியது, விலை 14,000. பதினைந்தை மீட்டரில் பார்க்கவில்லை, ஒரே ஸ்பீக்கர்தானே என்று விட்டுவிட்டீர்கள்; விலை 9,000. விற்பவரின் ஹாலில் பதினைந்து “வயிற்றில் இடித்தது”, நான்கு பத்து “வெறும் கட்டையாக” இருந்தது, இப்போது பதினைந்தின் பக்கம் மனம் சாய்கிறது என்கிறீர்கள்.

தனியாகக் கேட்கும்போது நன்றாக இருப்பது வேறு. குழுவில் நன்றாக இருப்பது வேறு. கல்யாணக் கச்சேரிகளில் ஆண்டுக்கணக்கில் வாசித்து நான் கற்ற ஒன்றே ஒன்று இது என்றாலும் தகும். வயிற்றில் இடிப்பது 50 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி. குழுவில் அந்த இடத்தில் ஏற்கெனவே கிக் டிரம் உட்கார்ந்திருக்கிறது, கீபோர்டுக்காரரின் இடக்கையும் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் விரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதைக் காதுக்குச் சொல்வது அதற்கு மேலே, 200 முதல் 800 வரை உள்ள பகுதி. எண்பதுகளின் தமிழ்த் திரைப்பாடல்களை வாசிக்கும் குழு உங்களுடையது. அந்தப் பாடல்களில் பேஸ் வெறுமனே தாளத்தோடு நின்றுவிடுவதில்லை. பல்லவிக்கு அடியில் தனி மெட்டாகவே நடக்கும். அந்த நடை கேட்கவில்லை என்றால் வயிற்றில் இடித்து என்ன பயன்? வெறும் கட்டை என்று நீங்கள் சொன்னதுதான் டிரம்ஸோடு சேரும்போது பேஸ் கிட்டாராகக் கேட்கும்.

கீபோர்டு வாசிப்பவர் உங்களுக்கு நெருங்கியவர் என்றால், பேஸ் உள்ள இடங்களில் இடக்கையை எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். இதற்குச் செலவே கிடையாது.

2023 ஜூலை 5

மாடிப்படி குறுகல் என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். பழைய நான்கு பத்துப் பெட்டிகளில் 40 கிலோவைத் தாண்டுபவை உண்டு. அகலம் இரண்டு அடி. ஷேர் ஆட்டோவில் ஏறாது, சாதாரண ஆட்டோவில் பின் இருக்கையை அடைத்துக்கொண்டு ஒருவாறு ஏறும், இல்லையென்றால் குட்டியானைதான். படியில் திருப்பம் இருந்தால் அதன் அகலத்தை நாடா கொண்டு அளந்துவிட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு பேர் பக்கவாட்டில் நின்று தூக்க இடமில்லாத படியில் 40 கிலோவை ஒருவர் தனியாக ஏற்றக் கூடாது. என் இடுப்பு இன்றும் அதற்குச் சாட்சி.

2023 ஜூலை 9

ஜூன் 18 அன்று நான் எழுதியதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பதினைந்து சேறாகிவிடும் என்று எழுதினேன். எந்த அனுபவத்திலிருந்து அதைச் சொன்னேன் என்று நான்கு நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அது பெட்டியின் குற்றம் இல்லை என்று இப்போது தெரிகிறது.

2014 வரை என்னிடம் 15 அங்குலப் பெட்டி ஒன்று இருந்தது. எங்கள் ஒத்திகை அறையில் அதில் ஈ தந்தியை மீட்டினால் அடி இல்லாமல் ஒல்லியாகக் கேட்டது. நான் வால்யூமைக் கூட்டுவேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த டிரம்மர், பேஸ் காதை அடைக்கிறது, குறை என்பார். இருவருக்கும் சண்டையே வந்திருக்கிறது. பெட்டி சரியில்லை என்று முடிவு கட்டி, தாம்பரத்தில் ஒரு தேவாலயக் குழுவுக்கு விற்றுவிட்டேன். பிறகு வந்த நான்கு பத்திலும் அதே அறையில் அதே சுரம் அப்படியேதான் கேட்டது. அப்போதுகூட, பத்து அங்குலம் என்றால் இவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு எதிரெதிர்ப் பெட்டிகளில் ஒரே குறை வந்தால் குறை வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

உங்கள் அறை 14 அடி என்று மறுபடி படித்ததும்தான் அது உறைத்தது. எங்கள் அறையும் 14 அடிதான். 14 அடி என்பது 4.27 மீட்டர். 30 பாகை வெப்பமுள்ள நம் ஊர்க் காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் செல்லும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே அரை அலை சரியாகப் பொருந்தும் அலைவெண்ணைக் கணக்கிட 349ஐ 4.27இன் இரு மடங்கால் வகுத்தால் 40.9 வருகிறது. திறந்த ஈ தந்தி 41.2. அதாவது அந்த அறையே ஈ தந்திக்குச் சுருதி சேர்த்தது போல அமைந்திருக்கிறது. இப்படி நிற்கும் அலையில் சுவரோரங்களில் அழுத்தம் உச்சமாகவும், நடு அறையில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். நான் நடுவில் நின்றேன். டிரம்மர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்னதும் உண்மை, நான் கேட்டதும் உண்மை. அதன் இரட்டையான 82 ஹெர்ட்ஸ் நடுவில் நன்றாகக் கேட்கும் என்பதால்தான் சுரம் மறையாமல், அடி மட்டும் காணாமல் போயிற்று. ஒன்பது ஆண்டுகள் கழித்து இதை எழுதும்போது அந்த டிரம்மர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நேற்றிரவு அழைத்துக் கேட்டும்விட்டேன்.

உங்கள் அகலம் 10 அடி, அதற்கு 57 வருகிறது. ஏ தந்திக்கும் அதற்கு அடுத்த கட்டத்துக்கும் நடுவே விழும். அங்கேயும் ஒரு வீக்கம் இருக்கும். எந்தப் பெட்டியை வாங்கினாலும், நடு அறையில் நின்று அதைத் தீர்ப்பிட வேண்டாம். அறையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்று கேளுங்கள். டிரம்மரை எதிர்ச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடியாவது முன்னுக்கு இழுத்து உட்கார வையுங்கள்.

இன்னொன்று. பெட்டி முழங்கால் உயரத்தில் நின்றால், சுரத்தைத் தெளிவாக்கும் மேற்பகுதி உங்கள் கால்சட்டைக்குத்தான் கேட்கும்; அடிப்பகுதி மட்டும் எங்கும் பரவும். பக்கத்தில் நிற்பவருக்குச் சேறாகவும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெளிவாகவும் கேட்பது இதனால்தான். பின்னால் சாய்த்து, முகப்பு உங்கள் முகத்தைப் பார்க்கும்படி வைத்தாலே பாதிக் குறை தீரும். என் பதினைந்தை ஒருநாளும் நான் சாய்த்து வைத்ததில்லை.

ஆகவே ஜூலை 2 அன்று எழுதியதில் குழுவோடு கேட்க வேண்டும் என்ற பகுதி நிற்கிறது. பதினைந்தை ஒதுக்கியது நிற்கவில்லை. விலை 5,000 ரூபாய் குறைவு, எடையும் குறைவு, படி குறுகல். இந்த மூன்றும் சேர்ந்தால் பதினைந்தைக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். இம்முறை மீட்டரோடு.

2023 ஜூலை 12

கோவை நண்பர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி: பேஸ் பெட்டியே எதற்கு, ஆம்ப் உள்ளேயே அமைந்த பழைய பவர்டு பி.ஏ. ஸ்பீக்கர் (மேடை ஒலிபெருக்கி) ஒன்றை வாங்கினால் ஆகாதா? ஆகும். 12 அல்லது 15 அங்குலமும் ஹார்னும் உள்ள நல்ல பி.ஏ. பெட்டியில் பேஸ் தெளிவாகவே ஒலிக்கும், மைக்குக்கும் உதவும். ஹெட் கையில் இல்லாத ஒருவர் கேட்டிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். வளசரவாக்கத்து வாசகருக்கு ஹெட் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதோடு பழைய பவர்டு பெட்டியில் உள்ளிருக்கும் ஆம்ப் பழுதானால் பெட்டி முழுவதும் படுத்துவிடும். சாதாரணப் பெட்டியில் கெட்டால் ஸ்பீக்கர் ஒன்றுதான், அதையும் ரிச்சி தெருப் பக்கம் கொடுத்துக் காயில் சுற்றி வாங்கிவிடலாம்.

2023 ஜூலை 13

கேபிள். கிட்டாரையும் ஆம்பையும் இணைக்கும் கேபிளைக் கொண்டு ஹெட்டையும் பெட்டியையும் இணைக்க வேண்டாம். இரண்டிலும் ஒரே பி-38 ஜாக் இருப்பதால் பலர் இதைச் செய்கிறார்கள். கிட்டார் கேபிளின் உட்கம்பி நூல் போன்றது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டத்தில் அது சூடேறும். தடித்த இரட்டைக் கம்பி வாங்கி நீங்களே பற்றவைத்துக்கொள்ளலாம். பெட்டியில் ஸ்பீக்கான் துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நியூட்ரிக் நிறுவனம் ஸ்பீக்கர்களுக்கென்றே கொண்டுவந்த இணைப்பு அது, திருகிப் பூட்டிக்கொள்ளும், கால் தட்டினாலும் கழலாது.

2023 ஜூலை 23

நேற்று வளசரவாக்கம் போயிருந்தேன். வாசகர் பதினைந்தை 8,000 ரூபாய்க்கு வாங்கிவிட்டார். விலை குறைந்ததற்குக் காரணம் மீட்டர்: பின்தகட்டில் 8 ஓம், 400 வாட் என்று அச்சிட்டிருக்கிறது, மீட்டர் 3.3 காட்டியது. நான்கு திருகுகளைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்பீக்கரையே எப்போதோ மாற்றியிருப்பது தெரிந்தது. காந்தத்தின் மேல் 4 ஓம், 250 வாட் என்று இருக்கிறது. விற்பவருக்கும் அது தெரியாது. அவர் வாங்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கிறது.

பொருள் நல்ல பொருள். ஆனால் ஜூன் 19 அன்று நான் சொன்ன திட்டம் இதோடு முடிந்தது. 4 ஓமோடு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் 2.7 ஓம் வரும், ஹெட் தாங்காது. இரண்டாவது பெட்டி இனி கிடையாது. ஹெட் தன் முழு 300 வாட்டையும் தரும், ஸ்பீக்கர் 250 வரைதான் தாங்கும். அதனால் அடிச்சுரக் குமிழை மேலே தூக்கிவிட்டு வால்யூமையும் கூட்டக் கூடாது. பின்தகட்டில் இருந்த எண்களை அடித்துவிட்டு மார்க்கர் பேனாவால் சரியான எண்களைப் பெரிதாக எழுதிவிட்டு வந்தோம். அடுத்து வாங்கப்போகிறவருக்கும் அது தேவை.

பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, முன்பக்கத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துச் சாய்த்தோம். டிரம்ஸை மூன்று அடி முன்னால் இழுத்தோம். ஜி தந்தியின் ஐந்தாம் கட்டத்தில் மட்டும் ஈ பறப்பது போன்ற அதிர்வு ஒன்று வந்தது. முக்கால் மணி நேரம் தேடினோம். வலையைக் கழற்றினோம், கைப்பிடியை இறுக்கினோம், போகவில்லை. கடைசியில் அது பெட்டியில் இல்லை, ஜன்னல் கொக்கி. காகிதத்தை மடித்துச் செருகியதும் நின்றது.

பிறகு ஐந்து பேரும் வாசித்தார்கள். முதல் பாட்டின் இரண்டாம் சரணத்தில் பேஸ் கீழிருந்து ஏறி வரும் இடம் ஒன்று உண்டு. டிரம்மர் தலையைத் திருப்பிப் பெட்டியைப் பார்த்தார். நான்கு பத்து வாங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருந்திருக்கும் என்றே இப்போதும் நினைக்கிறேன். மிச்சமான 7,000 ரூபாயை வைத்துப் பார்க்கும்போது அந்தக் கூர்மையை விட்டுக்கொடுக்கலாம்.

2023 ஆகஸ்ட் 6

தாம்பரத்தில் விசாரித்தேன். என் பழைய பதினைந்து அந்தத் தேவாலயத்தில் இன்றும் ஞாயிறுதோறும் ஒலிக்கிறது. திரும்ப விலைக்குத் தருவீர்களா என்று கேட்டேன், தர மாட்டோம் என்றார்கள்.

வளசரவாக்கத்துக்கு ஒரு வார்த்தை: ஐப்பசி மழை வருமுன் பெட்டிக்கு அடியில் இரண்டு செங்கல்லோ ரப்பர் கால்களோ கொடுத்துத் தரையிலிருந்து நான்கு விரல் உயர்த்திவிடுங்கள். மொட்டைமாடி அறையில் கதவுக்கு அடியில்தான் முதலில் நீர் வரும்.